பூஜையில் வைத்த பியானோ

முகுந்தனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவன் முட்டிக்கு மட்டும் எழுபது. மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கிள்ளானில் ஒரு இசைக்கடையில் லோரியிலிருந்து பியானோ இறக்கும் ஆளாகச் சேர்ந்தான். அங்கே சுருதி சேர்க்கும் சீனருக்குக் காது மந்தம். "சரியா இருக்கா?" என்று இவனைக் கேட்டுக் கேட்டே, வேலையை இவன் கையில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

முகுந்தனின் காதைப் பற்றி ஊரில் பல கதைகள். கோயில் மணி சுருதி இறங்கிவிட்டது என்று பூசாரியிடம் சொல்லப்போய், மூன்று மாதம் திருநீறு கிடைக்காமல் திரிந்தான். தஞ்சோங் காராங் வயல் தவளைகள் அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் குரலைச் சரிசெய்துகொள்ளும். இதில் பாதிதான் பொய்.

அவன் சுருதி சேர்த்த பியானோக்களில் ஒன்று பாசிர் பெனாம்பாங்கில், நண்டு வியாபாரி ஒருவர் வீட்டில் இருந்தது. அந்த வீட்டுப் பெண் ஹுய் லிங் ஐந்து வயதில் அதன் முன் ஏறி உட்கார்ந்தாள். அவள் அம்மா அதன்பின் இறங்க விடவில்லை. பதினொன்றில் சிங்கப்பூர், பதினாறில் ஜெர்மனியில் முதல் பரிசு, இருபதுக்குள் பத்திரிகை அட்டைகள். இப்போது இருபத்துநான்கு வயது, வருடத்துக்கு நூறு மேடை. காலையில் எந்த ஊரில் விழித்தோம் என்று அறிய, ஹோட்டல் சோப்பு உறையைப் படித்துப் பார்ப்பாளாம்.

போன நவராத்திரியில் அவளுக்குச் சொந்த ஊரிலேயே கச்சேரி. சீனப் பள்ளிக் கட்டடத்துக்காக, விஜயதசமி அன்று மாலை. மண்டபத்துக்கு வாடகைப் பியானோ வந்தது. சுருதி சேர்க்க முகுந்தன் வந்தான். இரண்டு நாள் முன்னதாக ஹுய் லிங் நான்கு நிமிடம் வாசித்துப் பார்த்தாள். முன்வரிசையில் அம்மா தலையாட்டினாள். முகுந்தன் ஆட்டவில்லை. வலது கையின் கடைசி இரண்டு விரல்களும், களைத்த ரப்பர் பால்மரத் தொழிலாளி கடைசி மரத்தில் கத்தி வைப்பதுபோல, மயிரிழை தாமதமாக விழுந்தன.

அம்மா கைப்பேசியோடு வெளியே போனதும் கேட்டான். அவர்கள் பேசியது மலாய், இங்கே தமிழில்.

"கை வலிக்குதா?"

"அங்கிள், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"எத்தன நாளா?"

"மார்ச்லேர்ந்து. ஒரு மாசம் தொடவே கூடாதுன்னாரு டாக்டர். இப்படியே அடிச்சு வாசிச்சா விரல் மடங்காமப் போயிடுமாம்."

"நாளைக்கு?"

"நாளைக்கு எட்டு மணி நேரம் பயிற்சி," என்றாள். சொல்லும்போதே கண் சொருகியது.

வீட்டில் மனைவி புஷ்பவள்ளி மறுநாள் சரஸ்வதி பூஜைக்குத் தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க சாமான் பெட்டியக் குடுங்க, பூஜையில வெக்கணும்."

"சந்தனம் கொஞ்சம் கூடவே கரை."

"ஏன், சுத்தியலுக்குக் கல்யாணமா?"

"பெருசா ஒன்னு இருக்கு லா."

மறுநாள் காலை ஒன்பதுக்குத் தாயும் மகளும் மண்டபத்துக்கு வந்தார்கள். பியானோ மூடியில் சந்தனம், குங்குமம். மேலே வெள்ளை வேட்டி, துலுக்கச் சாமந்தி மாலை. உட்காரும் இருக்கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"என்ன இது?" என்றாள் அம்மா.

"இன்னைக்கு சரஸ்வதி பூஜை, மேடம். கருவிக்கெல்லாம் ஓய்வு. நாளைக்குக் காலைல எடுத்துத்தான் தொடணும்."

"தொட்டா என்ன ஆகும்?"

"தெரியாது. எங்க ஆளுங்க யாரும் தொட்டுப் பார்த்ததில்ல."

டாக்டர் சொன்னால் அம்மாவிடம் எடுபடாது. ஆனால் மரத்தடிச் சாமியைக்கூட வணங்காமல் படகு இறக்காத குடும்பம் அது. வேட்டியை ஒருமுறை பார்த்தாள். கைகூப்பி மூன்று முறை குனிந்தாள். பிறகுதான் யோசனை வந்தது.

"வீட்டுல பழசு இருக்கே."

"உப்புக் காத்துல அது எப்பவோ இறங்கிப்போச்சு மேடம். சுருதி சேர்க்க என் சாமான் வேணும். அதுவும் பூஜையில."

ஹுய் லிங் நாலு நாற்காலியை வரிசையாகப் போட்டுப் படுத்தாள். சாயங்காலம்வரை அசையவில்லை. அம்மா இரண்டு முறை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள்.

விஜயதசமி காலை தாயும் மகளும் பார்த்திருக்க, முகுந்தன் கற்பூரம் காட்டி மாலையை எடுத்தான். அப்போதுதான் தான் யோசிக்காமல் விட்ட ஒன்று அவனுக்கு உறைத்தது. பூஜையிலிருந்து எடுத்ததும் கொஞ்சமாவது வாசிக்க வேண்டும், அதுதான் வழக்கம். அதைச் சொல்லாமல் மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை. சாமி பெயரில் ஒரு நாள் வாங்கியாகிவிட்டது.

"பூஜையிலேர்ந்து எடுத்தா வாசிக்கணும். கொஞ்சம் போதும்மா," என்றான்.

ஹுய் லிங் உட்கார்ந்தாள். குழந்தைகள் முதலில் கற்கும் மெட்டு ஒன்றை இடது கையால் வாசித்தாள். வலது கை மடியிலேயே கிடந்தது. மெட்டு முடிந்தது. அம்மா காத்திருந்தாள், கை எழவில்லை.

அம்மா எழுந்து வந்து அந்தக் கையைத் தூக்கி, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள். நான்காவதில் மகள் பல்லைக் கடித்தாள்.

"எப்பலேர்ந்து?"

"மார்ச்."

"வியன்னா கச்சேரிக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

அம்மா அந்தக் கையை மகளின் மடியில் மெல்ல வைத்தாள். பிறகு பள்ளிக் குழுத் தலைவருக்குப் போன் போட்டு, "என் மகளால இன்னைக்கு வாசிக்க முடியாது," என்றாள். மறுமுனையில் பெரிய இரைச்சல். அதே வாக்கியத்தை ஹொக்கியனில் ஒருமுறை, மாண்டரினில் ஒருமுறை, கடைசியில் ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னாள். குரல் உயரவேயில்லை.

முகுந்தன் வாசலுக்குப் போனான். ஹுய் லிங் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்த கச்சேரி விளம்பரத் துணிப் பதாகையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினான்.