ஆடிட்டர் போட்டுக் கேட்ட பாட்டு

எங்கள் டீமில் எட்டுப் பேர் பாட்டுப் பைத்தியங்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். பெங்களூர் ஓசூர் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. நான் சந்தாபுராவில் அறை எடுத்திருந்த வாணியம்பாடிப் பெண், வாய் கொஞ்சம் நீளம். தினமும் டீக்கு முன்னால் ஆளுக்கொரு பாட்டை சர்வரில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு, ஏன் பிடிக்கும் என்று ஒரு வரி மெயில் அனுப்ப வேண்டும். அப்புறம் டீ கிளாஸோடு சண்டைதான். மதுரைக்காரி ஒருத்தி திங்கட்கிழமை என்றால் அழுகைப் பாட்டாகவே போடுவாள். "உன் பாட்டைக் கேட்டா ராஜினாமா பண்ணிட்டு ஊருக்கே போயிடலாம்போல இருக்குடி" என்பேன். மைசூர்க்காரன் ஒருவன் கன்னடப் பாட்டைப் போட்டு, "ஒந்து சல கேளு", ஒரே ஒரு தடவை கேள் என்று ஹெட்போனை என் காதில் மாட்டிவிடுவான்.

எங்கள் சண்டைகளுக்குத் தீர்ப்பு சொல்பவர், சர்வர்களைப் பார்த்துக்கொண்ட அட்மின் அண்ணன். பெங்களூரிலேயே தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆறு வருடமாகக் காண்ட்ராக்டிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஃப்ளூட் வருதுல்ல, அதுக்கு அடியில பேஸ் கிட்டார் என்னா பண்ணுதுன்னு கேளும்மா. சக்கத்தா இருக்கும்" என்பார். சக்கத் என்றால் கன்னடத்தில் பிரமாதம். அதன் பிறகு அந்தப் பாட்டு எனக்கு வேறு பாட்டாகிவிடும்.

சர்வரில் பாட்டு வைக்கக் கூடாது. அதனால் எங்கள் ஃபோல்டருக்கு "ஓல்டு ரிலீஸ் டூ" என்று பெயர் வைத்தேன். பக்கத்திலேயே நிஜமான "ஓல்டு ரிலீஸ்" இருந்தது. கஸ்டமருக்குக் கொடுத்த பழைய புரோகிராம்கள். எவன் திறந்து பார்க்கப் போகிறான் என்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அண்ணன் ஒரு காலத்தில் தெருக்காரர்களோடு சேர்ந்து ஆர்க்கெஸ்ட்ரா நடத்தியவர். கோயில் விழாவில் அவர் பாடிய கேசட் ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு மாதம் அவரை நச்சரித்தேன். "வேணாம்மா, அது எங்க ஏரியா கூத்து. உங்களுக்கெல்லாம் சிரிப்பு வரும்." விடுவேனா? கடைசியில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஃபோல்டரில் போட்டவள் நான்தான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மதுரைக்காரி மூன்று முறை கேட்டாள்.

அடுத்த வாரம் கஸ்டமர் தரப்பிலிருந்து ஆடிட் என்று அறிவிப்பு வந்தது. ஆடிட் அன்று காலை அண்ணன் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். முகமே சரியில்லை.

"அந்தப் பாட்டையெல்லாம் நீயே அழிச்சிடும்மா. இந்த வாரம் என் லாகின்ல எதைத் தொட்டாலும் கேள்வி வரும். நீங்க ஃபைல் அழிச்சா எவனும் கேக்க மாட்டான். அடுத்த மாசம் என்னைப் பர்மனன்ட் பண்றாங்க. ஏதாவது மாட்டுச்சுன்னா அவ்ளோதான், வெளிய அனுப்பிடுவாங்க."

"எப்ப வர்றாங்க?"

"மூணு மணிக்கு. அதுக்குள்ள முடிச்சிடு."

அப்போதே அழித்திருக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வருடம் சேர்த்த பாட்டுகள் ஆயிற்றே! சிடியில் ஏற்றிக்கொண்டு அழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு சிடி முடிய இருபது நிமிடம். நான்காவது சிடி சுற்றிக்கொண்டிருந்தபோது மணி பன்னிரண்டரை. லிஃப்ட் திறந்தது. மேனேஜர், அவரோடு சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட கோட்டு போட்ட ஆடிட்டர், பின்னால் அண்ணன். மூவரும் கண்ணாடி மீட்டிங் ரூமுக்குள் போகும்போது, அழிச்சாச்சா என்று அண்ணன் கண்ணாலேயே கேட்டார்.

ஃபோல்டரைச் சொடுக்கினேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. அழி, அழி, சனியனே! அழித்தேன். அப்பாடா என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் வைத்தேன்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து டிரம்ஸ் சத்தம் கேட்டது. "வணக்கம் வணக்கம்! ஸ்ரீராம்புரம் மக்களே, கையைத் தட்டுங்க பாக்கலாம்!"

திரும்பிப் பார்த்தேன். அறையின் திரையில் ஆடிட்டர் திறந்துவைத்த "ஓல்டு ரிலீஸ் டூ" விரிந்து கிடந்தது. நான் அழித்தது பக்கத்தில் இருந்த நிஜமான "ஓல்டு ரிலீஸை". எவனும் கண்டுபிடிக்காதபடி பெயர் வைத்தேன் அல்லவா, என் கண்ணுக்கே பிடிபடவில்லை. எரிச்சலில் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

உள்ளே அண்ணனின் குரல் பல்லவியைத் தொடங்கியது. நல்ல குரல். மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். "ஏனப்பா, இது நிம்ம வாய்ஸ் அல்லவா?" உன் குரல்தானே என்று கேட்கிறார்.

அண்ணன் கண்ணாடி வழியாக எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு "ஹௌது சார்", ஆமாம் என்றார்.

மேனேஜர் கதவைத் திறந்து எங்கள் பக்கம் பார்த்து, இந்த ஃபோல்டர் வேறு யாருக்காவது தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எட்டுப் பேரும் மானிட்டரைப் பார்த்தோம். டீக்கடையில் அத்தனை வாயடிக்கும் நான், கீபோர்டில் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். அவர் கதவை மூடிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் அண்ணனின் அடையாள அட்டையை வாங்கிவிட்டார்கள். அதற்கு முன்னால் கடைசி வேலையாக, நான் அழித்த ஃபோல்டரை பேக்கப் டேப்பிலிருந்து எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். அது காணாமல் போனது அவரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கியவரின் பின்னால் ஓடினேன். "அண்ணா..." என்றேன். அழுகைதான் வந்தது.

அவர் கோபப்படவில்லை. சந்தேகம் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார். "ஏம்மா, நீ பர்மனன்ட்டு. அந்த ஃபோல்டர் நான் வெச்சதுன்னு நீ சொல்லியிருந்தா, ஒரு வார்னிங் லெட்டரோட போயிருக்கும். அது உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரியும்ணா" என்றேன்.