இலந்தைப்பழமும் ஒரு முதல் நோன்பும்

போன வருடம் நோன்பு மாதத்தில், மன்னார் தீவில் தாராபுரத்தில் நடந்தது இது. நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. நானாட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் காலமெல்லாம் தொண்டை கிழியக் கத்திவிட்டு, கணவர் போனபின், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருந்தால் நல்லது என்று இங்கே ஒரு சின்ன வீட்டுக்கு வாடகைக்கு வந்திருந்தேன். ஒரே மகள் கனடாவில். அக்கம்பக்கம் எல்லாம் முஸ்லிம் குடும்பங்கள்; நான் மட்டும் வேதக்காரி, கிறிஸ்தவள். நல்ல சனம், வழியில் கண்டால் சிரிப்பார்கள். ஆனால் சிரிப்போடு சரி. மத்தியானம் சமைத்ததையே இரவும் குசினியில் நின்றபடி தின்றுவிட்டுப் படுக்கிற சீவியம். வாய்க்காரி என்று பெயர் எடுத்த எனக்கு, பேச ஆளில்லாமல் இருப்பதைவிடப் பெரிய தண்டனை வேறென்ன?

அதனால்தான் பின்னேரங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். அவர்களுக்குப் படிப்பு, எனக்குச் சத்தம். நோன்பு விடுமுறையில் பிள்ளைகளின் கரைச்சல் தாங்காத தாய்மார் சந்தோஷமாக அனுப்பி வைத்தார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. ஒருமை, பன்மை பாடம். கரும்பலகையில் எழுதிப் போட்டால் வாண்டுகளுக்கு ஏறாது. வீட்டு வளவில் கிடப்பதைப் பொறுக்கி வாருங்கள் என்று அனுப்பினேன். சிப்பி, பொத்தான், போத்தல் மூடி என்று வந்தது. ஒருத்தி சட்டை மடியில் இலந்தைப்பழம் அள்ளி வந்திருந்தாள். எல்லாவற்றையும் சுளகில் பரப்பினேன். ஒன்றைத் தூக்கிக் காட்டினால் "ஷெல்", இரண்டைக் காட்டினால் "ஷெல்ஸ்". அந்தக் கடைசி எழுத்து வந்தால் போதும், அத்தனை வாயும் சேர்ந்து சீறும். மீனுக்கு மட்டும் ஒன்றும் சேராது என்றதும் ஒரே சண்டை. "ஏன் டீச்சர், எங்கட மீன் என்ன பாவம் செஞ்சது?" என்று கேட்டாள் ஒருத்தி. வாய்விட்டுச் சிரித்தேன்.

கேட்டவளுக்கு எட்டு வயது. அன்று அவளுக்கு முதல் நோன்பு. காணும் ஆட்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. கத்தாரில் வேலை செய்கிற வாப்பா, நோன்பு திறக்கிற நேரம் வீடியோவில் வந்து பார்ப்பாராம். அவள் முறை வந்தது. இரண்டு இலந்தைப்பழத்தைத் தூக்கிப் பிடித்துப் பிழையில்லாமல் சொன்னாள். "வெரி குட்!" என்று கை தட்டினேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு பழத்தை வாயில் போட்டுச் சப்பி விழுங்கி, கொட்டையையும் துப்பிவிட்டாள்.

"அல்லாவே! உன்ட நோம்பு போச்சுடி!"

யார் கத்தினது என்று தெரியவில்லை. பிள்ளையின் முகம் கறுத்துப்போனது. பிறகு அழுதாள் பாருங்கள், விக்கி விக்கி. "வாப்பா கோல் எடுப்பாரே டீச்சர், நான் என்னெண்டு சொல்லுவன்? உம்மாட்டச் சொல்லாதீங்கோ."

 சொல்லாமல் விடலாம், ஆனால் முதல் நோன்பிலேயே பிள்ளை தகப்பனுக்குப் பொய் சொல்ல வேண்டி வரும். சொன்னால், நோன்புப் பிள்ளை வேதக்காரி வீட்டில் தின்றது என்று கதை போகும். நாளைக்கு ஒரு தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள். மறுபடி அந்த ஊமை வீடு. உண்மையாகவே பயந்தேன். இருந்தாலும் மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து எதிரே இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். நோன்புக் கஞ்சிப் பாத்திரங்களோடு பிள்ளைகள் வீட்டுக்கு வீடு ஓடுகிற நேரம் அது. தினமும் என் வாசல் படலையைத் தாண்டித்தான் ஓடுவார்கள். என் வீட்டுக்கு வந்ததில்லை. நான் இந்த ஊர்க் கணக்கில் இல்லை என்று நினைத்திருந்தேன்.

தாய் குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். திட்டு வாங்கத் தயாராக நின்று நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்தாளே!

"இதுக்கா இவ்வளவு அழுகை? மறந்து திண்டா நோம்பு முறியாது டீச்சர். அல்லாஹ் ஊட்டிவிட்டான் எண்டு நினைக்கவேணும். போடி, வாயைக் கொப்புளிச்சிட்டு வா. உன்ட நோம்பு பத்திரமா இருக்கு."

பிள்ளை நம்பாமல் என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? அங்கே கிடந்த கதிரையில் இருந்துவிட்டேன். "என்ன டீச்சர், முகம் வாடிக் கிடக்கு? சாப்பிடல்லையா?" என்று தாய் கேட்டாள்.

"இல்லை மகள். எங்களுக்கும் இப்ப தபசு காலம், நாப்பது நாள் நோன்பு. வெள்ளிக்கிழமையிலை நான் ஒருசந்தி. பொழுதுபட்டுத்தான் சாப்பாடு, இறைச்சியும் தொடமாட்டன்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதுதான் டீச்சர் பயமே! நோம்பு தொடங்கின நாளிலையிருந்து உங்களுக்குக் கஞ்சி அனுப்பத்தான் மனம். உங்கட தபசு எண்டு சொன்னாங்க. எங்கட கஞ்சியிலை இறைச்சி. அனுப்பினா உங்களுக்குப் பிழையாப் போயிருமோ எண்டு எல்லா வீட்டிலையும் யோசிச்சு விட்டிட்டம்."

 நானும் சும்மாவா இருந்தேன்? நோன்பு பிடித்துக் களைத்திருக்கிற பெண்களுக்கு விருந்தாளித் தொல்லை வேண்டாம் என்று ஒரு வீட்டுப் படியும் மிதிக்கவில்லையே.

"மீன் ஆகுமா டீச்சர்?"

"மீன் ஆகும், மகள்."

பேரீச்சம்பழமும் மீன் ரோல்ஸும் சர்பத்தும் என் முன்னால் வந்தன. பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. கைபேசியில் தகப்பனின் முகம். "முழு நோம்பு, வாப்பா!" என்று கத்தினாள் பிள்ளை. பிறகு கைபேசியை என் பக்கம் திருப்பினாள். கத்தாரில் இன்னும் பொழுதுபடவில்லை; தான் நோன்பு திறக்கவென்று அவரும் ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்து வைத்திருந்தார்; பின்னால் வெறும் சுவர். "சாப்பிடுங்கோ டீச்சர். இங்க றூமிலை நான் தனியத்தான் திறக்கிற" என்றார். நான் அவருக்குப் பழத்தைக் காட்டிவிட்டு வாயில் வைத்தேன். அழுகை வந்துவிட்டது. 

திரும்பி வந்தபோது வீடு எப்போதும்போல இருட்டாய்த்தான் கிடந்தது. இன்றைக்கும் பல நாள் அப்படித்தான். ஆனாலும் அந்தப் பிள்ளை மட்டும் அன்று அழாமல் இருந்திருந்தால், ஒரு ஒழுங்கையின் இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் மரியாதை பார்த்துக்கொண்டே நாங்கள் தனித்தனியாகப் பசித்திருந்திருப்போமே என்று நினைக்கும்போது, இப்போதும் எழுந்து போய் யார் வீட்டுக் கதவையாவது தட்டிவிடுகிறேன்.