கீழ் வீட்டுத் தாய்மாமன்

டெல்லியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகப் பேசினால் சண்டைக்குப் போகிற ஆளாக இருந்தேன் நான். லீவில் திருநெல்வேலிக்குப் போனால், "அங்க எப்படிடே காலந்தள்ளுத?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "எனக்கென்ன, மச்சினன் வீட்டோட இருக்கேன்" என்பேன். மச்சினன் என்று நான் சொன்னது முனிர்காவில் எங்கள் வீட்டுக்காரரை. கீழே அவர் குடும்பம், மாடியில் நாங்கள். என் மனைவிக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. குடிவந்த முதல் ஆவணியில் வீட்டுக்காரர் மனைவி கூடப்பிறந்தவனுக்குக் கட்டும் ராக்கி நூல் ஒன்றை நீட்டி, "இவருக்கு நீயும் கட்டு" என்றார். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். இவளோ குளித்து, விளக்கேற்றி, கண் கலங்கக் கட்டினாள். இருபத்திரண்டு வருடம் விடாமல் கட்டினாள்.

அந்த நூலை நம்பித்தான் சென்னைக்குக் கிடைத்த மாறுதலை இரண்டு தடவை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். மோதி பாகில் அரசுக் குடியிருப்பில் இருந்த ஆபீஸ் நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். "வீட்டுக்காரன் வீட்டுக்காரன்தான்வே. பேசாம குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிப் போடும்." அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன். நான் ஒரு மடையன்.

கருவாடு வறுத்தால் நாறுகிறது என்றார்கள் கீழ் வீட்டில், நிறுத்தினோம். மொட்டை மாடியில் வடகம் போட்டால் காக்கை வருகிறது என்றார்கள், அதையும் நிறுத்தினோம். சாம்பாருக்குப் பெருங்காயம் போட்டாலே கீழே ஜன்னல் படாரென்று சாத்தப்படும். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும்போது, "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, பாயி ஸாப்" என்பார். நானும் லட்டுப் பெட்டியோடு போய்க் கையெழுத்துப் போடுவேன். ஒருநாள் பிளம்பரிடம், மேலே மதராஸி வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அப்போதுதான் உறைத்தது, என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதையும் விழுங்கிக்கொண்டேன். மற்றபடி எங்களைப் புகழத்தான் செய்வார். "மதராஸி லோக் ஸீதே ஹோதே ஹைன்" என்பார் தெருவில். சாதுவான ஜனங்களாம், வம்புதும்புக்குப் போகாதவர்களாம். எனக்குப் பெருமை பிடிபடாது.

மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது, டெல்லியிலேயே இருக்கும் எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பம். பேச வந்த அன்று சம்பந்தியம்மா கேட்டார்: "தாய்மாமன் யாரு? மாலை போட்டுப் பொண்ண மணவறைக்குக் கூட்டிட்டு வரணும்லா?"

மனைவி தயங்கவே இல்லை. "கீழ் வீட்டு அண்ணன்தான்."

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மகள் பல்லைக் கடித்தாள். "மம்மி, ப்ளீஸ்! அங்கிளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" எல்லாம் தெரியும். கீழ் வீட்டார் வழக்கத்திலும் தாய்மாமன் சீர் உண்டு, பாத் என்பார்கள். அவர் மகள் கல்யாணத்துக்கு மாமன்மார் பேண்டு வாத்தியத்தோடு பாத் கொண்டுவந்தபோது, வந்தவர்களுக்கெல்லாம் ஓடி ஓடித் தண்ணீர் கொடுத்தது நான்தான்.

அவர்கள் முறைப்படியே மனைவி வெல்லமும் தேங்காயும் தட்டில் வைத்துக் கீழே போய் அழைத்தாள். அவர் அவள் தலையில் கைவைத்து, "தூ மேரி பஹன் ஹை" என்றார், நீ என் தங்கச்சி, பாத் நான்தான் கொண்டுவருவேன் என்றார். அன்று முழுக்க இவளுக்கு வாயெல்லாம் பல்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மேலே வந்தார். தட்டில் வைத்த முறுக்கைக் கடித்துக்கொண்டே ஒரு காகிதத்தை நீட்டினார். பில்டரிடம் பேசி முடித்துவிட்டாராம். வீட்டை இடித்து ஐந்து மாடி கட்டப் போகிறார்கள், மாதக் கடைசியில் காலி செய்யவேண்டும். "வேறு எவனாவது குடியிருந்தால் கோர்ட்டுக்குப் போவான். நீங்கள்தான் சாதுவாயிற்றே, ஆப் தோ ஸீதே லோக் ஹைன்" என்று என் தொடையில் தட்டிச் சிரித்தார்.

எதற்காக அத்தனை வருடம் எங்களைப் புகழ்ந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்து என்ன செய்தேன்? "அச்சா ஜி" என்று கையெழுத்துப் போட்டேன். இன்னொரு டீ வேண்டுமா என்றும் கேட்டேன். நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அடுக்களையிலிருந்து வந்த மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பையா, ஷாதி மே ஆவோகே நா?"

"ஜரூர், ஜரூர்" என்றார், கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவாராம்.

அவர் இறங்கிப் போனபின், "வீடு கெடக்கு, சவத்த விடுங்க. அண்ணன் கல்யாணத்துக்கு வருதாருல்லா, அது போதும்" என்றாள்.

முகூர்த்தத்தன்று ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மண்டபத்து மூலையில் நின்று போன் போட்டேன். பத்திரப் பதிவு ஆபீஸில் பில்டரோடு இருக்கிறாராம். "நீங்கள் ஆரம்பியுங்கள் பாயி ஸாப், சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறோம்" என்றார் ஹிந்தியில். சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. ஆனால் என் முகத்தைப் பார்த்தே இவள் தெரிந்துகொண்டாள்.

நிலைமையைப் பார்த்துவிட்டு மோதி பாக் நண்பர் மாலையை எடுக்க வந்தார். இவள் தடுத்துவிட்டாள். "வேண்டாண்ணே. கூடப்பொறந்தவன் இல்லாதவ நான். இல்லாதவளாவே போடுதேன்." அவளே மகள் கழுத்தில் மாலையைப் போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போனாள். அன்று பல்லைக் கடித்த மகள் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

சொன்னபடி சாப்பாட்டுக்கு வந்தார்கள், குடும்பத்தோடு. சாம்பாரை இரண்டு தடவை கேட்டு வாங்கி, "வாஹ், க்யா குஷ்பூ!" என்றார்கள். வாசனையாம்! பாயச வாளியோடு நின்ற என்னிடம், முப்பதாம் தேதியை மறந்துவிடாதீர்கள் என்று நினைவுபடுத்தினார்.

முப்பதாம் தேதி சாமான் வண்டி போய்விட்டது. மனைவி தெருமுனையில் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றுவிட்டாள். சாவியைக் கொடுக்க நான் மட்டும் போனேன்.

"பஹன்ஜி சொல்லிக்கொள்ளாமலே போகிறாளா?" என்றார்.

"உஸ்கா கோயீ பாயீ நஹீன் ஹை" என்றேன். அவளுக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது.

இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் நான் வெடுக்கென்று சொன்னது அது ஒன்றுதான். அவர் "அச்சா, அச்சா" என்று சாவியை வாங்கிக்கொண்டு, கீசரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டோமா என்று பார்க்க மேலே ஏறினார்.