கிணறும் கைநாட்டும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. இந்திய அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான அரிப்புக்குத் திரும்பியதும், அப்பாவின் காணிப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பக்கத்துக் காணிக்காரர் இன்னும் முகாமிலேயே இருந்தார்கள். யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று, அவர்களின் நல்ல தண்ணீர்க் கிணற்றையும் எங்கள் எல்லைக்குள் எழுதிவிட்டேன்.

"சரியாத்தானே எழுதினனீ, பிள்ளை?" என்று அப்பா கேட்டார்.

"ஓம் அப்பா, வையுங்கோ."

நம்பிக் கைநாட்டு வைத்தார்.

மறு வருடம் அவர்கள் திரும்பி வந்தபோது எல்லாம் வெளிப்பட்டது. "படிச்ச பிள்ளை எழுதினா கிணறும் நடக்குமோ?" என்று அந்த வீட்டு மேரி அக்கா வேலியடியில் நின்று கேட்டாள்.

அப்பா என்னை ஏசவில்லை. ஆனால் ஞாயிறு பூசையில் நன்மை எடுக்க, நற்கருணை அப்பம் வாங்க, எழும்பவில்லை. "பொய்க்குக் கைநாட்டு வைச்சிட்டு ஆண்டவரிட்ட எப்பிடிப் போறது?" என்றார். பாவம் என்னுடையது. நற்கருணை இல்லாமல் இருந்தது அவர்.

குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, கிணறு அவர்களுடையது என்று காணி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி அப்பாவிடம் நீட்டினேன். அவர் கைநாட்டு வைக்கவில்லை. கடிதத்தோடு மேரி அக்காவிடம் போனார்.

"இதில என்ன கிடக்கெண்டு ஒருக்கா வாசி, பிள்ளை."

அவள் வாசித்து முடித்த பிறகுதான் விரலை மையில் தொட்டார்.

கடவுள் என்னை மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன். அப்பா இன்றைக்கும் என்னிடம் எதையும் வாசிக்கக் கொடுப்பதில்லை.