மீன் குஞ்சில் விழுந்த கறுப்புப் பட்டை

அண்ணன் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறான் என்று ஊரில் பேச்சு கிளம்பியபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அவன் குடிக்கிறவன் இல்லை. நுனிக்கிளை வரை ஏறிப் புளி உலுக்குகிறவன், சாமை வயலின் வரப்பில் நேராக நடக்க முடியாமல் போனான். ஜமுனாமரத்தூரில் கண்டக்டர் குடிகாரன் என்று அவனை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட பிறகுதான் மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சிறுமூளையில் பழுதான புரதம் சேர்ந்துகொண்டே போகிறது, இதற்கு மருந்து இல்லை என்றார்கள்.

அந்த வார்த்தைதான் என்னை ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. செல்லுக்குள் பழுதான புரதங்களை உடைத்து அப்புறப்படுத்த ஓர் இயந்திரம் இருக்கிறது. மனிதருக்கும், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வரிக்குதிரை மீனுக்கும் அது ஏறக்குறைய ஒன்றுதான். அதை முடுக்கிவிடுமா என்று பார்க்க ஒரு மருந்தை மீன் குஞ்சுகளுக்குக் கொடுத்தோம். முடுக்கியதா என்று வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இயந்திரத்தின் ஒரு பாகத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை வாங்கி, குஞ்சுகளிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தின் மேல் விடுவோம். அந்தப் பாகம் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழும்; பாகம் கூடினால் பட்டை தடிக்கும். மருந்து கொடுத்த குஞ்சுகளில் பட்டை தடித்து விழுந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் தடித்தது.

அன்றே அண்ணனுக்கு போன் செய்துவிட்டேன். செய்திருக்கக் கூடாது. சந்தைக்கு வந்தவர்களிடமெல்லாம், தங்கச்சி மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று அவன் சொன்னானாம். மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் முகாமுக்கு அண்ணி கூப்பிட்டபோது, குணமாகப் போகிறவனுக்கு அது எதற்கு என்று மறுத்துவிட்டான். அடுத்த முகாமுக்கும் போகவில்லை.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது. அந்தப் பாகத்துக்கான மரபணுவையே நீக்கிய மீன்கள் வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து சேர்ந்தன. அவற்றில் பட்டை விழவே கூடாது. விழுந்தது, அதே இடத்தில், அதே கறுப்பில். மனிதப் புரதத்துக்காகச் செய்த அந்த ஆன்டிபாடி, மீனில் வேறு எதிலோ போய் ஒட்டியிருக்கிறது. அந்த ஆன்டிபாடியிலேயே புதுப் புட்டி வாங்கிப் பார்த்தும் அதேதான். இரண்டு வருடமாக நான் எதை அளந்துகொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேரில் சொல்லத்தான் ஊருக்கு வந்தேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தான். சுத்தியல் கொட்டையில் படுவதைவிடக் கல்லில் பட்டதுதான் அதிகம்.

"இன்னா பாப்பா, மீனுக்குக் குடுத்தது எனக்கு எப்போ?"

சொன்னேன். அவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"அப்போ மருந்து வேலை செய்யலியா?"

"செய்யுதா இல்லியான்னே தெரியலண்ணா."

"எப்போ தெரியும்?"

அவன் எழுந்து உள்ளே போகப் பார்த்தான். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, சுவரைத் தடவித் தடவி தானே போனான்.

அந்த மாத முகாமுக்கு மூன்று பேரும் போனோம். தாலுக்கா அலுவலகத்தில் டாக்டர் அவனைத் தரையின் ஒரு கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் சாய்ந்தவனை அண்ணி தாங்கிக்கொண்டாள். நான் இதைத்தான் ஆராய்கிறேன் என்பதைக் கேட்டு டாக்டர் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பி, தற்காலிகம், நிரந்தரம் என்று இருந்த இரண்டு கட்டங்களையும் காட்டினார்.

"நிரந்தரம்னு போட்டுடலாங்களா?"

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். போடுங்க என்றேன்.

வெளியே வந்ததும், நிரந்தரம்னுதான் எழுதினாங்களா என்று கேட்டான். சொன்னேன். தலையாட்டிவிட்டு டீ கேட்டான். அண்ணி டம்ளரைப் பிடித்துக்கொள்ள, இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைப் பற்றியபடி குடித்து முடித்தான்.