கலைக் கிராமத்தில் ஐந்தாவது வீடு

காலை எட்டே காலுக்குக் கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் தூத்துக்குடி வண்டி ஏறினோம். 2002ஆம் ஆண்டு, மே மாதம். என்னுடன் வந்தவர்கள் இருவர்: எட்டு வயது மகள் கலா, கோடை விடுமுறைக்கு மெட்ராஸிலிருந்து வந்திருந்த என் தங்கை மகன் அருண். அவனுக்குப் பத்து வயது. எட்டயபுரத்துக்கு அப்பால் சாலையோரமாகக் கலைக் கிராமம் ஒன்று திறந்திருக்கிறார்கள், கைவேலைகளைப் பார்க்கலாம், பிடித்ததை வாங்கலாம் என்று மில் ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் சொல்லியிருந்தார். பேருந்துக் கட்டணம் பெரியவர்களுக்கு ஏழு ரூபாய், பிள்ளைகளுக்கு அரை டிக்கெட்.

நான் அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் வரும் எப்போதும்வென்றானில் பிறந்தவன். கோவில்பட்டிக்கு வந்து இருபது வருடம் ஆகிறது என்றாலும், இந்தப் பக்கத்தில் எதைக் கண்டாலும் விளக்கம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காய்ந்த பருத்திச் செடிகளைப் பிடுங்கி, பருத்திமாராகக் கட்டிக் குவித்திருந்தார்கள். அறுப்பு முடிந்த புஞ்சையில் ஆட்டுக்கிடை போட்டிருந்தது. ஆடுகளை ஏன் ராத்திரி வெறும் நிலத்தில் அடைக்கிறார்கள், அதற்கு நிலத்துக்காரர் ஆடு மேய்க்கிற கீதாரிக்கு என்ன கொடுப்பார் என்பதையெல்லாம் எட்டயபுரம் வரை சொல்லிக்கொண்டு வந்தேன். அருண் வாய் திறந்து கேட்டான். கேட்கிறவன் கேனயனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்பார்களே, அன்று என் கேப்பையில் குடம் குடமாக வடிந்தது.

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு இறங்கினோம். நுழைவுக் கட்டணம் எனக்குப் பத்து ரூபாய், பிள்ளைகளுக்கு ஐந்தைந்து. உள்ளே நாலு காட்சி வீடுகள் இருப்பதாகவும், எல்லாவற்றுக்குள்ளும் போகலாம், எதையும் தொட்டுப் பார்க்கலாம் என்றும் வாசல்காரர் சொல்லி அனுப்பினார். குயவர் வீடு, நெசவாளர் வீடு, தச்சர் வீடு, ஆட்டுக்காரர் வீடு என்று வரிசையாக மண்சுவரும் ஓலைக்கூரையுமாக நின்றன. உரல், திருகை, உறி, கலயம் எல்லாம் அததற்குரிய இடத்தில் வைத்திருந்தார்கள். கலயங்களில் தூசிதான் இருந்தது. கலா திருகையைச் சுற்றிச் சுற்றிக் களைத்துப் போனாள்.

எதிர் வரிசையில் கடைகள். கலாவுக்கு நாற்பது ரூபாயில் மரச்சொப்பு வாங்கினேன். கடலைமிட்டாய்க் கடையில் தின்று பார்க்க ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். அருண் பனையோலைப் பெட்டி கேட்டான். அந்தக் கடையை மட்டும் சாக்குப் போட்டு மூடியிருந்தது. டிக்கெட் போட்டுவிட்டுக் கடையை அடைத்து வைப்பது என்ன நியாயம் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அந்த அம்மா சாயங்காலம்தான் வரும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

பதினொன்றே கால் இருக்கும். கடைகளுக்குப் பின்னால் போகிற ஒற்றையடிப் பாதையில், வேப்பமரத்தடியில் இன்னொரு வீடு தெரிந்தது. அதே மண்சுவர், அதே ஓலைக்கூரை. கதவு திறந்திருந்தது. எங்கள் பக்கத்தில் திறந்த வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை, ஒரு குரல் கொடுத்துவிட்டு உள்ளே போவோம். காட்சி வீட்டில் யாருக்குக் குரல் கொடுப்பது? “ஏலே, ஏட்டி, இங்கன வாங்க, இதுதான் அசல்” என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நுழைந்தேன்.

உண்மையிலேயே அசத்தலாக இருந்தது. அடுப்பில் சாம்பல் சூடு ஆறவில்லை. தரை அப்போதுதான் மெழுகியது போல் ஈரமாக இருந்தது. சுவரோரம் பலகையில் ஒரு மீசைக்காரரின் படம், அதற்குக் கதம்ப மாலை. “பார்த்தீங்களா, மாலைகூட நெசப் பூவில போட்டிருக்கான். பொருட்காட்சின்னா இப்படி இருக்கணும்” என்றேன். படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் எதையோ வாழையிலை போட்டு மூடியிருந்தது. தூக்கினேன். உளுந்தவடை, இளஞ்சூடாக.

அருண் தயங்கினான். “யாரையாவது கேட்டுட்டு எடுக்கலாமே மாமா.”

“மெட்ராஸ்காரனுக்கு இதெல்லாம் தெரியாதுல” என்று சிரித்து, அவன் கையில் ஒன்று, கலா கையில் ஒன்று வைத்தேன். நானும் ஒன்று தின்றேன். தின்றதோடு விட்டேனா? உப்பு மட்டு என்று குறையும் சொன்னேன்.

வாசலில் நிழல் விழுந்தது. நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா, ஈரத்தலையோடு, இடுப்பில் குடத்தோடு நின்றார். முதலில் தாம்பாளத்தைப் பார்த்தார், பிறகு பிள்ளைகளின் வாயைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். காட்சி வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் ஒரு போர்டு வைக்க வேண்டாமா, டிக்கெட் வாங்கித்தானே வந்திருக்கிறோம் என்று என் குரல் ஏறியது. தப்புச் செய்தவனுக்குத்தான் சத்தம் அதிகம்.

அவர் குடத்தை இறக்கி வைத்தார். “இது நாங்க குடியிருக்கிற வீடு சார். ஓலைப்பெட்டிக் கடை என்னுதுதான். இன்னைக்கு வீட்டுக்காரவியளுக்குத் தலைத் தெவசம்.”

கணவர் இறந்து ஒரு வருடம் நிறைகிற நாள். படையல் போட்டு, காக்கை வந்து எடுத்த பிறகுதான் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பார்கள். படையலுக்குச் செய்வதை உப்புக்கூடப் பார்க்க மாட்டார்கள். வடையில் உப்பு ஏன் மட்டு என்று அப்போது விளங்கியது. கதம்ப மாலை, மெழுகிய தரை, மூடிய இலை எல்லாம் நான் பிறந்த வீட்டில் என் தகப்பனாருக்கு வருடா வருடம் பார்த்தவைதான். தின்ற வடையை இனித் திருப்பி வைக்க முடியாது.

“அப்பாதான் எடுத்துக் கொடுத்தாங்க” என்றாள் கலா.

“தின்னும்மா, பிள்ளைக தின்னா ஒண்ணும் இல்ல” என்று அவர் அவள் தலையைத் தொட்டார். மீதி வடைகளை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாம்பாளத்தைக் கழுவ எடுத்தார். அவர் உதடு காய்ந்து போயிருந்தது. கொஞ்சம் மாவு கிடக்கிறது, உச்சிப்பொழுதுக்குள் மறுபடி சுட்டுவிடலாம் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டார். அடுப்பைப் பற்ற வைத்தபடி, எந்த ஊர் என்று கேட்டார்.

“மெட்ராஸ்” என்றேன். அருணின் தோளில் கையும் வைத்துக்கொண்டேன்.

அவர் அடுப்பிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அப்பச் சரி அண்ணாச்சி. அங்கன உள்ளவியளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நம்ம பக்கத்து ஆளுன்னா வாசல்லயே தெரிஞ்சிருக்கும்.”

மன்னிப்புக்கூடச் சரியாகக் கேட்காமல் வெளியே வந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. சார் என்றவர், எங்கள் பக்கத்து ஆளைக் கூப்பிடுகிற அண்ணாச்சிக்கு மாறியிருந்தார். நான் ஏலே, ஏட்டி என்று பிள்ளைகளைக் கூப்பிட்டதும் அவர் காதில் விழுந்திருக்கும். போர்டைப் பற்றிக் கத்தியதை மெட்ராஸ் தமிழிலா கத்தினேன்? பொய் என்று தெரிந்தே, நான் ஒளிந்துகொள்ள அந்த அம்மா இடம் கொடுத்திருக்கிறார். அதை நினைத்தபோது, திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. தெரியாமல் தின்றதற்கு ஒரு மாப்பு உண்டு. எல்லாம் தெரிந்தவன் என்று தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் என்று தப்பித்துக்கொண்டேன். அதுவும் எந்தப் பையன் கேட்டுவிட்டு எடுக்கலாம் என்றானோ, அவன் ஊரின் பேரைச் சொல்லி.

பன்னிரண்டு மணிக்கு மேல் கோவில்பட்டி வண்டி வந்தது. அருண் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். காலையில் என் வாயையே பார்த்து வந்தவன், இப்போது கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். எட்டயபுரத்தில் ஏறிய ஒரு பெண் கலாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, அவள் மடியிலிருந்த சொப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பாப்பாவுக்கு எந்த ஊரு?” என்று கேட்டார்.

வழக்கமாகக் கேட்டு முடிப்பதற்குள் கோவில்பட்டி என்று உரக்கச் சொல்பவள் கலா. அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. திரும்பி, எந்த ஊரைச் சொல்ல வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்தாள்.