பட்டாளத்துக்கு நாலு விரல் கூடுதல்

பழனிச்சாமி அண்ணன் அருப்புக்கோட்டையில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பழகியவர். அங்கே எந்தத் தாயும் பிள்ளைக்கு அளவாகச் சட்டை தைக்க விடமாட்டாள். "வளர்ற பிள்ளை, விட்டுத் தைங்க" என்பாள். பதினைந்து வருஷம் அதையே கேட்ட கை, துபாய் தேராவில் அகமது கபீர் முதலாளியின் தையல் கடைக்கு வந்த பிறகும் மாறவில்லை. நான் அந்தக் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன்.

எழுபத்தேழு டிசம்பரில் ராணுவ முகாமிலிருந்து நாற்பது கம்பளிக் கோட்டுக்கு ஆர்டர் வந்தது. லெபனானில் சண்டையை அடக்கி வைக்க அரபு நாடுகள் சேர்ந்து அனுப்பிய படையில் எமிரேட்ஸ் பையன்களும் இருந்தார்கள். நாட்டுக்கே ஆறு வயதுதான். அடுத்துப் போகிறவர்கள் பனியைப் படத்தில்கூடப் பார்த்திராதவர்கள்.

"கோட்டு பாஸாகட்டும், அன்னைக்கே உனக்கு லீவு" என்றார் முதலாளி.

அண்ணன் இங்கே வந்தபின் பிறந்த மகளுக்குத் தை மாதம் காது குத்து. இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. 'இந்தத் தடவையும் வரலேன்னா உங்க சட்டைய நாக்காலில மாட்டிவச்சுக் குத்திருவோம்' என்று அவர் மனைவி வடிவு அக்கா எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அண்ணன் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். அது சுருக்கமே இல்லாமல் இருந்தது.

கோட்டுகளைப் பிக்அப்பில் ஏற்றிக்கொண்டு முதலாளி, அண்ணன், நான் மூவரும் முகாமுக்குப் போனோம். முதல் பையன் போட்டுப் பார்த்தான். கை காணாமல் போனது. அதிகாரிக்கு சல்யூட் அடித்தான். வெறும் துணி நுனி போய் நெற்றியில் விழுந்தது. வரிசையே சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"என்னடா இது?" என்றார் முதலாளி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"வளர்ற பிள்ளைக மொதலாளி. நாலு விரல் விட்டுருக்கேன்."

"அட கிறுக்கா! ஒவ்வொருத்தனுக்கும் மீசை கத்தையா கெடக்கு. இனி எங்கே வளரப் போறான்?"

"இருபது வயசுதானே... எங்க பக்கம் வளர்ந்துருக்கானுக."

அண்ணனின் பார்வை கோட்டுகளில் இல்லை. தவறவிட்ட கப்பலுக்குப் பின்னால் ஓடுகிறவர் மாதிரி எங்கோ பார்த்தார்.

அப்போது பாகிஸ்தானிலிருந்து வந்து அந்தப் படையில் சேர்ந்த ஒரு பலூச்சி ஹவில்தார் முன்னால் வந்தார். போன தடவை லெபனான் போய்த் திரும்பியவர். இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினார், இடுப்பில் தோட்டாப் பட்டை கட்டினார், மார்புக்குள் ஒரு ரேடியோவைச் செருகினார். அதற்கு மேல் கோட்டைப் போட்டார். பிடித்து வைத்த மாதிரி இருந்தது.

"வாஹ்! இந்த மாஸ்டர் அந்தப் பனிமலையில் இருந்திருக்கிறார்" என்றார் உருதுவில்.

மலை என்றால் திருப்பரங்குன்றம் வரைக்கும் மட்டுமே போயிருக்கும் அண்ணன் பணிவாகத் தலையாட்டினார்.

திரும்பும்போது முதலாளி பாட்டுப் பாடாத குறை. அதே நாலு விரல் கூடுதலோடு இன்னும் நூற்றிருபது கோட்டுக்கு ஆர்டர் கிடைத்திருந்தது.

"மொதலாளி, லீவு..."

"லீவா? நூத்தி இருவது கோட்டு நிக்குது. மாசி கழியட்டும், பாப்போம்."

அண்ணன் டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"சரி மொதலாளி. தைச்சிர்றேன். ஆனா நீங்க சொன்னதுதான் சரி. மீசை மொளச்சவன் வளரமாட்டான். இனிமே அளவு என்னவோ அதுதான். அரை விரல் விடமாட்டேன்."

முதலாளி அடித்த பிரேக்கில் பிக்அப் நடுரோட்டில் நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"எத்தனை நாள்டா வேணும்?"

"நாப்பது."

"முப்பது."

"காலர இறுக்கி வச்சாத்தான் பட்டாளத்துக்கு அழகு, மொதலாளி."

"நாப்பதே எடுத்துக்கடா! வெட்டிக் குடுத்துட்டுப் போய்த் தொலை!"

எட்டு நாளில் நூற்றிருபதையும் நாலு விரல் விட்டு வெட்டினார். தைப்பதைக் கடையின் மற்ற இரண்டு தையல்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் பம்பாய்க் கப்பல் ஏறினார்.

காது குத்து முடிந்து எனக்குக் கடிதம் போட்டார். 'யாரோ புது ஆள் தூக்கவந்தான்னு பாப்பா என்னயப் பாத்து அழுதுச்சு தம்பி. அந்த அழுகையில ஆசாரி ரெண்டு காதும் குத்துனத அது கவனிக்கவே இல்ல.'